தேனி ஜில்லாவும் கம்பம் பள்ளத்தாக்கும்: நில அமைப்பும் ஜனத்தொகையும்

ஒரு பிரதேசத்தில் எந்தப் பயிர் செழிக்கும், எத்தனை குடும்பங்கள் அதைக் கொண்டு ஜீவிக்கலாம் என்பவற்றை அப்பிரதேசத்தின் மலை, ஆறு, மண், மழை ஆகிய நான்கும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. இதனை நம் குடியானவர்கள் அறியாதவர் அல்லர். ஆயினும், தம் கிராமத்து வயலையும் வாய்க்காலையும் நன்கு அறிந்தவர்களுங்கூட, அவ்வாய்க்காலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அந்நீரை இன்னும் எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பவற்றை ஒருங்கே வைத்து நோக்குவது அரிது. அவ்வாறு நோக்குவதற்கு உதவியாகத் தேனி ஜில்லாவின், முக்கியமாகக் கம்பம் பள்ளத்தாக்கின், பூகோள அமைப்பையும் ஜனத்தொகையையும் இக்கட்டுரையில் எடுத்துரைப்போம். முடிவில் மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் கூறப்படும்.

எல்லையும் பிரிவும்

இப்பிரதேசம் முன்னர் மதுரை ஜில்லாவின் மேற்குப் பகுதியாக இருந்தது. 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து அரசாங்க உத்தரவின்படி பிரிக்கப்பட்டு, 1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியிலிருந்து தனி ஜில்லாவாக இயங்கி வருகிறது. வடக்கே திண்டுக்கல், கிழக்கே மதுரை, தெற்கே விருதுநகர் ஆகிய ஜில்லாக்களும், மேற்கே கேரளத்தைச் சேர்ந்த இடுக்கி ஜில்லாவும் இதன் எல்லைகள். பரப்பு ஏறத்தாழ 2,870 சதுர கிலோமீட்டர். தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர் என ஐந்து தாலுகாக்கள் உள்ளன. ஸ்தல ஸ்தாபனங்களை நோக்கின், ஆறு நகராட்சிகளும், 22 பேரூராட்சிகளும், எட்டு ஊராட்சி ஒன்றியங்களில் அடங்கிய 130 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன.

மலைகளும் பள்ளத்தாக்குகளும்

இந்த ஜில்லாவின் உருவத்தை மனத்தில் கொள்ள ஓர் எளிய வழி உண்டு. இரு கரைகளும் உயர்ந்த பெரியதொரு வாய்க்காலை நினைத்துக் கொள்ளுக. அதன் மேற்குக் கரை ஏலமலைத் தொடர். கிழக்குக் கரை மேகமலையும் வருஷநாட்டு மலையும். இவ்விரு கரைகளுக்கும் இடையே, தென்மேற்கே கூடலூர் தொடங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வடகிழக்கே தேனி வரையில் சரிந்து செல்லும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு எனப்படுவது. வாட்டம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக இருப்பதால், தலைமடை கூடலூர்ப் பக்கத்திலும் கடைமடை தேனிப் பக்கத்திலும் அமைந்துள்ளன.

கிழக்குக் கரையாகிய மேகமலைக்கு அப்பால் மற்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதுவே வருஷநாடு. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை முதலிய ஊர்கள் அதில் உள்ளன. வைகை நதி இங்கேதான் பிறக்கிறது. உற்பத்தியாகும் இப்பகுதியில் அதனை மூல வைகை என்பர். அது வடக்கு நோக்கி ஓடித் தேனிக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஆற்றுடன் கூடுகிறது. பின்னர் ஆண்டிபட்டி அருகே வைகை அணையில் தேங்கி, கிழக்கே திரும்பி மதுரையை நோக்கிச் செல்கிறது. 1959-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் திறக்கப்பட்ட அவ்வணையில் 71 அடி வரையில் நீர் தேக்கலாம்.

ஜில்லாவின் வடபால் பழனிமலையின் தென்சரிவு உள்ளது. அச்சரிவிலிருந்து வராக நதியும் மஞ்சளாறும் இறங்கிப் பெரியகுளம் தாலுகாவை வளப்படுத்துகின்றன. மேற்கு மூலையில் போடிநாயக்கனூர் மலைகளினின்று கொட்டகுடி ஆறு இறங்கித் தேனிக்கு அருகில் முல்லையாற்றுடன் சேர்கிறது. ஜில்லாவின் நிலப்பரப்பில் கால் பங்குக்கு மேல் காடும் மலையுமாம். இக்காட்டின் பெரும் பகுதி 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் சேர்க்கப்பட்டது. வைகையின் பிறப்பிடத்துக் காடு இதனால் கூடுதலான காவல் பெற்றிருக்கிறது என்பது கீழ்நிலத்துக் குடியானவர்களுக்கு நல்ல செய்தியே.

மழையும் காற்றும்

மேற்கு மலைக்கு அந்தப் புறத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மலை உச்சியைக் கடந்து இப்புறம் இறங்கும்போது மேகம் நீரை இழந்து விடுகிறது. நமக்கு வந்து சேர்வது காற்றும் சாரலும் மாத்திரமே. கம்பம், தேனி, ஆண்டிபட்டி ஆகிய இடங்களில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் பெருங்காற்று வாழைக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததே. முட்டுக் கொடுக்காத வாழை அம்மாதங்களில் தப்புவது அரிது. ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டதும் இக்காற்றைக் கருதியே.

ஜில்லாவின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. இம்மழையை மாத்திரம் நம்பினால் சோளம், கம்பு, பயறு வகைகள், பருத்தி முதலிய மானாவாரிப் பயிர்களையே இட முடியும். இருபோக நெல் என்பது கனவாகும். அப்படியிருக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இரு போகம் நெல் எவ்வாறு விளைகிறது? அதற்கு விடை மலைக்கு அந்தப் புறத்தில் உள்ளது.

பெரியாற்று நீர்

பெரியாறு இயற்கையில் மேற்கே ஓடி அரபிக் கடலில் சேரும் ஆறு. அதனைக் கிழக்கே திருப்பி வறண்ட மதுரைச் சீமைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியதுண்டு. பொருட் செலவு மிகுதியாகுமென அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னரே அரசாங்கத்தார் அவ்வேலையை மும்முரமாக மேற்கொண்டனர். 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் அப்போதைய இந்திய அரசாங்கத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. குத்தகை நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் பாட்டம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பாட்டம் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கர்னல் ஜான் பென்னிகுயிக் அவர்களின் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிவுற்றது. கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையும் கொண்டே அணை கட்டப்பட்டது. காட்டாற்று வெள்ளமும் மலைக் காய்ச்சலும் இடையூறு செய்ய, எத்தனையோ கூலிகள் அக்காட்டில் உயிர் நீத்தனர். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். தேக்கடியில் மலையை ஊடறுத்துச் செல்லும் ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியாக நீர் இப்புறம் வருகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் உற்பத்தி செய்தபின் வைரவனாற்றில் விழுந்து, முல்லையாறு என வழங்கும் ஆறாகிப் பள்ளத்தாக்கு முழுவதும் ஓடுகிறது.  ஆஸ்திரேலியாவில் ஸ்னோயி நதியை மலை குடைந்து மறுபக்கம் திருப்பும் பெரிய திட்டம் தொடங்கியது 1949-இல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே நம் பக்கத்தில் இவ்வேலை முடிந்துவிட்டது. பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் இப்பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

அணையில் முழு அளவு 152 அடி. 1979-இல் பாதுகாப்பைக் கருதி 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை, 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தம் தீர்ப்பில் 142 அடி வரை உயர்த்தலாம் என்றனர். இரு மாநிலங்களுக்கும் இடையேயுள்ள இவ்விவகாரத்தைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வளவு பாடுபட்டு வரும் நீர் எத்தனை நிலத்துக்குப் பாய்கிறது என்பதையே நாம் காண வேண்டும்.

ஆயக்கட்டின் அளவு

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். 17 வாய்க்கால்கள் வழியாக இது பாசனம் பெறுகிறது. முதல் போகத்துக்கு ஜூன் மாதம் முதல் தேதியில் நீர் திறப்பது வழக்கம். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப் போவதும் உண்டு. இதற்கு மேல், பி.டி.ஆர். கால்வாயும் தந்தை பெரியார் கால்வாயும் சேர்ந்து 5,146 ஏக்கருக்கும், 18-ஆம் கால்வாய் சுமார் 4,614 ஏக்கருக்கும் உபரி நீரைக் கொண்டு பயன் தருகின்றன. இவ்வனைத்தையும் கூட்டினாலும் சுமார் 24,470 ஏக்கர், அதாவது 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்படாது. ஜில்லாவின் மொத்தப் பரப்பில் இது நூற்றுக்கு மூன்றரைப் பங்கே. இருபோக ஆயக்கட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இரண்டு பங்குதான்.

இக்கணக்கை மனத்தில் இருத்துவது அவசியம். தேனிச் சாலையில் மோட்டாரில் செல்லுகிறவர், இருபுறமும் பச்சைப் பசேலென்று நெல்லும் வாழையும் தென்னையும் நிற்பதைக் கண்டு, ஜில்லா முழுவதும் இப்படியே என்று எண்ணக் கூடும். உண்மையில் சாலை ஆற்றை ஒட்டிச் செல்வதால் அவர் கண்டது ஒரு பச்சைக் கரையை மாத்திரமே. அக்கரையைத் தாண்டினால் கிணற்றுத் தோட்டம். அதைத் தாண்டினால் மானாவாரிப் புஞ்சை. அதற்கும் அப்பால் காடு.

ஒரே மலையின் இரு புறங்களிலும் உள்ள கம்பத்தையும் வருஷநாட்டையும் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மலையும் மழையும் பெரிதும் வேறல்ல. ஆனால் ஒன்றில் சுரங்க வழியே அயல் நீர் வருகிறது. மற்றொன்றில் தன் மழையே கதி. முன்னதில் இருபோக நெல்லும் வாழையும் திராட்சையும். பின்னதில் இலவும் முந்திரியும் முருங்கையும் மானாவாரியும். மூல வைகையில் மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்; கோடையில் மணலே காணும். மலைச்சரிவில் மரம் குறைந்தமையால் மழைநீர் மண்ணுள் இறங்காமல் உடனே ஓடிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

நிலமும் பயிரும்

நஞ்சை: ஆற்றை ஒட்டிய வண்டல் கலந்த நிலம். நெல்லே முக்கியம். சின்னமனூர்ப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் நெடுநாள் பெயர் பெற்றது. அண்மைக் காலத்தில் நஞ்சையில் தென்னையும் வாழையும் மிகுந்து வருகின்றன.

தோட்டக்கால்: கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் நிலம். இப்பள்ளத்தாக்கின் புகழுக்குரிய பன்னீர்த் திராட்சை இந்நிலத்திற்கே உரியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் இது இங்குக் கொண்டுவரப்பட்டதென்பர். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன. வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு மாதங்களில் கவாத்துச் செய்வதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஓடைப்பட்டிப் பக்கத்தில் விதையில்லாத் திராட்சை பயிராகிறது. திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய ஜி-9 வாழையும் இந்த ஜில்லாவில் பெருகி, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது.

பெரியகுளம், போடிப் பக்கத்து மலையடிவாரங்களில் மாந்தோப்புகள் உள்ளன. பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கை இன்று பல நாடுகளில் பயிராகிறது.

மானாவாரிப் புஞ்சை: ஆண்டிபட்டித் தாலுகாவிலும், பள்ளத்தாக்கின் இரு ஓரங்களிலும் மிகுதி. ஆடு மாடு வளர்ப்பு இவ்விடத்துக் குடிகளுக்குப் பெருந்துணை. மலைமாடு என வழங்கும் நாட்டு இனம் மலையடிவாரக் கிராமங்களுக்கே உரிய செல்வமாகும்.

மலை: மேகமலையில் தேயிலையும், போடி மலைகளில் காப்பியும், மிளகும் உள்ளன. ஏலக்காய் விளைவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இடுக்கியில். ஆயினும் அதன் ஏலச்சந்தை போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. அவ்வூர் ஏலக்காய்க்குப் பெயர் பெற்றது இதனாலேயே.

ஜனத்தொகை

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்த ஜில்லாவின் ஜனத்தொகை 12,45,899. இவர்களில் ஆண்கள் 6,25,683, பெண்கள் 6,20,216. ஆயிரம் ஆண்களுக்கு 991 பெண்கள் ஆகின்றனர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் தொகை 10,93,950 ஆக இருந்தது. ஆகவே பத்தாண்டுகளில் 1,51,949 பேர், அதாவது நூற்றுக்குச் சற்றேறக்குறைய 14 பேர் வீதம் பெருகியுள்ளனர். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படாமையால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டே இங்குப் பேசுகிறோம்.

சதுர கிலோமீட்டருக்கு 434 பேர் என்பது ஜில்லாவின் ஜன நெருக்கம். தமிழ்நாட்டுச் சராசரி 555. இதைக் கண்டு இங்கு இடம் தாராளம் என்று ஒருவர் கருதலாம். அது தவறு. கால் பங்குக்கு மேற்பட்ட காட்டையும் மலையையும் கழித்துப் பார்த்தால், மீதியுள்ள நிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 580 பேர் வசிக்கின்றனர் எனக் காணும். அதாவது, குடியிருக்கத்தக்க நிலத்தில் நம் ஜில்லா மாநிலச் சராசரியைவிட நெருக்கமானது.

மற்றொரு விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் நகரவாசிகள் எனக் கணக்குக் காட்டுகிறது. மாநிலச் சராசரி 48-க்குச் சிறிது அதிகம். தேனி அல்லிநகரத்தில் 94,000 பேருக்கு மேலும், போடிநாயக்கனூரில் 75,000 பேருக்கு மேலும், கம்பத்தில் 68,000 பேரும், பெரியகுளம், சின்னமனூர், கூடலூர் ஆகிய மூன்றிலும் தனித்தனியே 42,000 பேர் அளவிலும் இருந்தனர். ஆனால் நகரவாசி என்றவுடன் உழவை விட்டவர் என எண்ணலாகாது. பேரூராட்சிகள் பலவற்றில் வீடு ஊருக்குள்ளும் பிழைப்பு வயலிலுமாக இருப்போர் ஏராளம். கூடலூர், கம்பம், சின்னமனூர் ஆகிய நகராட்சிகளின் எல்லைக்குள்ளேயே நஞ்சை வயல்கள் உள்ளன. பெயரளவில் நகரமாயினும், வாய்க்கால் நீரைக் கொண்டே அவை வாழ்கின்றன.

ஆதிதிராவிட வகுப்பினர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நிலமற்ற விவசாயத் தொழிலாளரில் பலர் இவர்களே. மலைகளில் பளியர் முதலிய ஆதிகுடிகள் ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவாக உள்ளனர். தமிழுடன், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இப்பள்ளத்தாக்கில் பலர். பல தலைமுறைகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் வழிவந்தோர் இவர்கள். நீர் உள்ள இடத்தை நாடியே ஜனங்கள் வந்து சேர்ந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மலைக்கு அப்பால் வேலை

கூடலூரிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் மூன்று மலைப்பாதைகள் செல்கின்றன. விடியுமுன் இப்பாதைகளில் ஜீப்புகள் வரிசையாக ஏறுவதை யாரும் காணலாம். அவற்றில் செல்வோர் பெரும்பாலும் பெண்கள். இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் போய் மாலையில் திரும்புகின்றனர். நீரோ மலைக்கு அப்பாலிருந்து இங்கு வருகிறது; உழைப்போ இங்கிருந்து மலைக்கு அப்பால் செல்கிறது. நம் காய்கறியும் பாலும் அரிசியும் அதே பாதைகளில் ஏறுகின்றன. ஆகவே எல்லையின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் நம்பியே வாழ்கின்றனர் என்பதை மறக்கலாகாது.

இதன் பயனாக நடவுக் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை என்ற குறை நஞ்சைக் கிராமங்களில் கேட்கப்படுகிறது. அது உண்மையே. அதற்குக் கூலிக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும் இடத்துக்கே ஆட்கள் செல்வர். நடவு இயந்திரத்தையும், குறைந்த நாற்றும் குறைந்த ஆளும் போதுமான திருந்திய நெல் சாகுபடி முறையையும் கைக்கொள்வதே தக்க பரிகாரம்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரையில் 1928-இல் போடப்பட்ட ரயில் பாதை, யுத்த காலத்தில் பெயர்க்கப்பட்டுப் பின் மீண்டும் போடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட ரயில், 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேனி வரையிலும், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போடி வரையிலும் திரும்ப ஓடத் தொடங்கியது. விளைபொருள்களைத் தூர தேசத்துக்கு அனுப்ப இது பெரிதும் பயன்படக் கூடும்.

இவற்றால் விளங்குவது யாது?

மேலே கூறிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. பத்தாண்டுகளில் ஒன்றரை லட்சம் பேர் கூடினர். இருபோக ஆயக்கட்டோ ஓர் ஏக்கரும் கூடவில்லை. கூடாதது மாத்திரமன்று, குறையவும் தலைப்பட்டுள்ளது. தேனி, கம்பம், சின்னமனூர் முதலிய ஊர்களின் ஓரங்களில் நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாகின்றன. காலியான புஞ்சை ஊருக்கு அப்பால் கிடக்க, நூற்றாண்டுக்கு மேலாகப் பெரியாற்று நீர் பாய்ந்து பதப்பட்ட வண்டல் நிலம் கல் ஊன்றி விற்கப்படுகிறது. புஞ்சையை நஞ்சையாக்க நீர் வேண்டும். அதிகப்படி நீர் இனிக் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் நஞ்சையை மனையாக்க ஒரு பத்திரமே போதும். ஒருமுறை மனையானது மீண்டும் வயலாவதில்லை.

இரண்டாவது, ஆற்று நீரை நாடும் கைகள் பலவாகிவிட்டன. வழிநெடுக உள்ள ஊர்களின் குடிநீர்த் திட்டங்கள் முல்லையாற்றையே நம்பியுள்ளன. மதுரை நகரத்துக்கும் லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியே குடிநீர் கொண்டு செல்லும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. குடிநீருக்கு முதல் உரிமை உண்டென்பதை யாரும் மறுக்கார். ஆனால் ஆற்றோரத்தில் கிணறு வெட்டிக் குழாய் பதித்துத் தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு நீர் இறைப்பது வேறு விஷயம். அதனால் முதலில் வாடுவது கடைமடைக்காரரின் பயிரே.

மூன்றாவது, தோட்டக்கால்களில் கிணறு வற்ற, ஆழ்குழாய் இறக்கப்படுகிறது. பக்கத்துக் கிணறும் வற்றுகிறது. அவரும் அதற்கும் ஆழமாக இறக்குகிறார். இந்தப் பந்தயத்தில் வெற்றி பெறுவோர் எவருமில்லை.

மிராசுதாரர்கள் கவனிக்க வேண்டியவை

1. நஞ்சையை விற்க நேரிடினும் உழுகிறவருக்கே விற்க முயலுக. வீடு கட்ட இடம் வேண்டின் மேட்டுப் புஞ்சையில் தேடுக.

2. ஜூன் மாதத்தில் நீர் திறக்கும் என எதிர்பார்த்து, நாற்றங்காலைக் கிணற்று நீர் உள்ள இடத்தில் முன்னதாகவே விடுக. திறப்பு தாமதமாயினும் போகம் தவறாது. கிராமத்தார் கூடிச் சமுதாய நாற்றங்கால் அமைத்தல் இன்னும் நலம்.

3. நெல் வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்க வேண்டியதில்லை. நீர் மறைந்து மண்ணில் மயிரிழை போல் வெடிப்புக் காணும்போது மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மாத்திரம் ஈரம் குறையலாகாது. இவ்வாறு மிச்சமாகும் நீர் கடைமடைக்குப் போய்ச் சேரும்.

4. திராட்சை, வாழை, தென்னைத் தோட்டங்களில் சொட்டு நீர்ப் பாசனத்தை அமைத்துக் கொள்ளுக. அரசாங்கத்தாரின் மானியம் பெறும் வழியை அருகிலுள்ள வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம்.

5. பயனற்ற பழைய கிணறுகளை மழைநீர் இறங்கும் குழிகளாக்குக. புஞ்சையில் சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பிடுக. ஐப்பசி மழையில் ஒரு துளியும் வயலை விட்டு வீணே ஓடலாகாது.

6. மலையடிவாரத்தில் நிலமுள்ளவர்கள் இலவு, மா, முந்திரி போன்ற மரப்பயிர்களை விருத்தி செய்க. காட்டை அழித்துப் பெறும் இரண்டு ஏக்கர், கீழே இருபது ஏக்கரின் ஊற்றை அடைத்துவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

அடங்கலில் பயிரை நேரில் பார்த்து எழுதுக. நஞ்சை என்று பெயரளவில் உள்ள நிலத்தில் தென்னை நிற்கிறதா, மனை போட்டிருக்கிறதா, தரிசாகக் கிடக்கிறதா என்பது கணக்கில் ஏறாவிட்டால், எத்தனை ஏக்கருக்கு நீர் தேவை என்பது மேலிடத்துக்குத் தெரிய வழியில்லை. வறட்சியோ வெள்ளமோ நேர்ந்து நிவாரணம் வழங்கும்போது, உண்மையில் நெல் இட்டவர் விடுபட்டுப் போவதற்கும் இப்பிழையே காரணமாகிறது. கண்மாய், ஓடை, வாய்க்கால்களின் புறம்போக்கு எல்லைகளைக் கல் நட்டுக் காக்க. குத்தகைச் சாகுபடி செய்வோரின் பெயரும் கணக்கில் இடம் பெறச் செய்க. அடுத்த ஜனக்கணக்கு எடுக்கும்போது, மலைக்கு அப்பால் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள் இரண்டிடத்திலும் விடுபடாமல் பார்த்துக் கொள்ளுதலும் அவசியம்.

மலைக்கு மறுபுறம் பெய்த மழையை ஒரு சுரங்கத்தின் வழியாகக் கொணர்ந்து, நூற்றுக்கு இரண்டு பங்கு நிலத்தில் இருபோகம் விளைவிக்கும் ஜில்லா இது. இதன் நஞ்சை இங்குள்ள மண் மாத்திரத்தால் உண்டானதன்று. பலருடைய உழைப்பாலும் உயிராலும் உண்டானது. அதனைப் பெருக்குவது நம் கையில் இல்லை. குறையாமல் காப்பது நம் கையில் உள்ளது. ஒவ்வொரு கிராமத்தாரும் தம் ஊர் நஞ்சை எத்தனை ஏக்கர், அதில் பத்தாண்டுகளில் எத்தனை ஏக்கர் குறைந்தது என்பதை அடங்கலைக் கொண்டு ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், இக்கட்டுரையில் சொல்லியவற்றின் உண்மை தானே விளங்கும்.